ஒரே கல்யாணம், ஏழெட்டுக் கணக்கு: புதுத் தம்பதி எப்போது தனிக் குடும்பம் ஆகிறார்கள்?

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் தலை தீபாவளி. கார்த்திகையில் புது ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம். தை பிறந்து பார்த்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. காரணம் ஒரே வரி: தனிச் சமையலறை இல்லை. பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டி, பந்தி பந்தியாகச் சாப்பாடு போட்டு நடந்த கல்யாணத்துக்கும் சமையலறைக்கும் என்ன சம்பந்தம் என்ற குழப்பம் அப்போதுதான் தொடங்குகிறது.

சம்பந்தம் இருக்கிறது. கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த இருவரும் தனிக் குடும்பம் ஆவது ஒரே நாளில் நடப்பதில்லை. சட்டத்துக்கு ஒரு தேதி, ரேஷன் கடைக்கு இன்னொரு தேதி, பி.எஃப். அலுவலகத்துக்கு வேறொன்று, ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு அதற்கும் வேறொன்று. முதல் வருஷத்தில் வீட்டுக்குள் வரும் உரசல்கள் பலவற்றை மாமியார் மருமகள் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். தோண்டிப் பார்த்தால் அடியில் இந்தத் தேதிக் குழப்பம்தான் கிடக்கும்.

விளக்குவதற்கு ஓர் உதாரணத் தம்பதியை வைத்துக்கொள்வோம். பையனுக்குத் தேனிப் பக்கம், பெண்ணுக்குக் கும்பகோணம், இருவருக்கும் வேலை சென்னையில்.

முதலில் அடிப்படை: 'குடும்பம்' என்றால் யார்?

1. கல்யாணச் சட்டத்துக்கு, முறைப்படி சடங்கு முடிந்த நொடியிலிருந்து இருவரும் கணவன் மனைவி. பதிவு அதன் பிறகு வருவது.

2. ரேஷனுக்கும் காஸ் இணைப்புக்கும் குடும்பம் என்றால் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான் எண்ணுகிறது. ஊர்ப்பக்கம் "தனியா உலை வெச்சுட்டாங்க" என்றால் பாகம் பிரிந்தாயிற்று என்று அர்த்தம். அரசு அதையேதான் படிவமாக அச்சடித்திருக்கிறது.

3. வருமான வரிக்குக் கணவன் மனைவி இருவரும் தனித்தனி ஆள். சேர்ந்து ஒரே கணக்கு தாக்கல் செய்யும் வழி இங்கே கிடையாது. கல்யாணத்தின்போது வந்த பரிசுக்கு வரி இல்லை என்பது ஒரு நிம்மதி. கணவர் பணம் கொடுத்து மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் அதன் வட்டி கணவர் வருமானத்தோடு சேரும் என்பது பலர் கவனிக்காதது. வரி பற்றி இவ்வளவு போதும்.

4. பி.எஃப். விதிக்கு, கல்யாண நாளே எல்லாவற்றையும் மாற்றும் நாள். எப்படி என்று கீழே பார்ப்போம்.

5. ஊருக்குத் 'தலைக்கட்டு' என்ற கணக்கு. அது கடைசியில்.

தாலியா, சான்றிதழா?

இந்து திருமணச் சட்டம் 1955-இன்படி சடங்குதான் திருமணத்தை உண்டாக்குகிறது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தம் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். சுயமரியாதைத் திருமணத்தை ஊரறியப் பொதுவில் நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சடங்கே நடக்காமல் சான்றிதழை மட்டும் வாங்கிவைத்தால் அது செல்லுபடியாகும் இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. விசா அவசரத்துக்கு முன்கூட்டியே 'ரிஜிஸ்டர் மட்டும்' செய்துகொள்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சடங்கு இல்லாமல் பதிவு மூலமே திருமணம் செய்ய விரும்பினால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது: சிறப்புத் திருமணச் சட்டம் 1954. அதில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு.

சரி, சடங்கு முடிந்தாயிற்று, பதிவு எதற்கு? தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். முன்பு கல்யாணம் நடந்த ஊர் எந்த சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பதிய முடியும். கும்பகோணத்தில் கல்யாணம், சென்னையில் வேலை என்றால் லீவு போட்டு, சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். 2020-இல் வந்த திருத்தம் மணமக்கள் வசிக்கும் பகுதியிலும் பதிய வழி செய்தது.

பதிவில் தகராறு செய்வது பெரும்பாலும் எழுத்துப்பிழைதான். பத்திரிகையில் செல்லப்பெயர், ஆதாரில் வேறு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு இன்னொரு எழுத்துக்கூட்டல். கல்யாணத்துக்குப் பிறகு பெண் தன் பெயரையோ இனிஷியலையோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தே தொடரலாம், கணவர் பெயருக்கும் மாறலாம். ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் அப்பா இனிஷியல், வங்கியில் இரண்டும் என்று பாதியில் விடுவதுதான் வம்பு. வீட்டுக் கடனுக்கு உட்காரும் நாளில் அது ஆளைப் படுத்தியெடுத்துவிடும்.

அடுப்புக் கணக்கு: ரேஷன் கார்டு ஏன் இத்தனை இழுபறி?

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு அரிசி வாங்க மட்டும் அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதில் பெயர் இருக்க வேண்டும். பல சான்றிதழ்களுக்கு அது துணை ஆவணம். 2017-இல் பழைய தாள் அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு ஒவ்வொருவர் ஆதாரும் ஏதாவது ஒரு கார்டோடு கட்டப்பட்டிருக்கிறது. ஓர் ஆதார் இரண்டு கார்டில் இருக்க முடியாது. ஆகவே வரிசை இப்படித்தான் போக முடியும்:

1. பெண்ணின் பெயரை அவர் பெற்றோர் கார்டிலிருந்தும், பையனின் பெயரை அவர் பெற்றோர் கார்டிலிருந்தும் நீக்க வேண்டும். காரணமாகத் திருமணத்தைக் காட்ட வேண்டும்.

2. பிறகு புது முகவரிச் சான்று, குடும்பத் தலைவர் புகைப்படம், இருவர் ஆதார் ஆகியவற்றோடு விண்ணப்பம்.

3. பிறகு கள ஆய்வு.

முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. அதில் இருவரும் எந்தக் கார்டிலும் இல்லாதவர்கள். பெற்றோர் கார்டில் ஆள் குறைந்தால் அரிசி அளவும் குறையலாம் என்பதால், "அதுக்குள்ள என்ன அவசரம், பேரு இங்கயே இருக்கட்டும்" என்று அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மருமகளுக்கோ, தன் பெயரில் ஒரு கார்டு வேண்டும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே கார்டுக்குக் குடும்பத் தலைவி என்கிறது. மாமியார் இருக்கும் வீட்டில் அது மாமியார். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குத் தன் படம் போட்ட கார்டு கையில் வரும் அந்த நாள் சின்னச் சந்தோஷம் அல்ல.

இதில் பணமும் சேர்ந்துகொண்டது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். அப்போது வகுத்த விதிப்படி ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர்தான். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். நம் உதாரணத் தம்பதி இருவரும் சம்பளக்காரர்கள், அவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆனால் கூலி வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் ஏராளம். மாமியார் பெயரில் தொகை வரும் வீட்டில் மருமகளுக்குக் கிடையாது. கார்டு பிரிந்தால்தான் கேட்கவே முடியும். தொகைக்காகவே கார்டைப் பிரிக்கிறார்களோ என்ற சந்தேகம் அதிகாரிகளுக்கு வரும்; அதனால் கள ஆய்வும் கறாராகும்.

கள ஆய்வு என்றால் என்ன பார்ப்பார்கள்? ஒரே வீட்டில் மாடியில் ஓர் அறை. மூலையில் இண்டக்‌ஷன் அடுப்பு, மேலே ஒரு குக்கர், ஜன்னல் திட்டில் உப்பு டப்பா, எண்ணெய்ப் பாட்டில். மிக்ஸி கீழே மாமியார் அடுப்படியில், அரிசி மூட்டையும் அங்கேதான். இது தனிச் சமையலா? தம்பதி ஆம் என்பார்கள். வந்தவர் அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கதை முடிந்தது. தனி வாடகை வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்களுக்கு வேறு முட்டுக்கட்டை. வாடகை ஒப்பந்தம் கையில் இருக்காது, அல்லது வீட்டுக்காரர் தன் முகவரியில் கார்டு வாங்குவதை விரும்பமாட்டார்.

காஸிலும் இதே தத்துவம். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஒரே சமையலறையில் இருந்தால் ஒரே இணைப்புதான். தனிக்குடித்தனம் போனதும் புது இணைப்பு வாங்கலாம், ஆனால் முகவரிச் சான்று வேண்டும். அது வரும்வரை சமாளிக்க 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாளச் சான்று போதும். பால் காய்ச்சிய அன்று அம்மா வீட்டிலிருந்து இரவல் வந்த சிலிண்டரில்தான் பால் பொங்கியது என்பது பல வீடுகளில் உண்மை.

அட்வான்ஸும் நகையும்

தனிக்குடித்தனத்தின் முதல் செலவு வீட்டு அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்ற வாலும் அதிலேயே இருக்கிறது. இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினால் ஆறு மாதமும் வாங்கலாம், பத்தும் வாங்கலாம். சட்டம் கையில் இருக்கிறதே என்று பேரம் பேசப் போனவர்கள் இந்த வாலில்தான் இடறுகிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம். பதிந்த ஒப்பந்தம் இருந்தால் காஸ், கார்டு இரண்டுக்கும் முகவரிச் சான்று அதுவே.

18,000 ரூபாய் வாடகை, ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 1,08,000. கல்யாணக் கடன் தீராத வீட்டில் அது எங்கிருந்து வரும்? மனைவியின் நகையிலிருந்து. நெக்லஸும் இரண்டு வளையலும் அடகுக்குப் போகும். இந்த இடத்தில் மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. வரதட்சணை: கல்யாணத்துக்கு நிபந்தனையாகக் கேட்பது, கொடுப்பது. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

2. சீர்வரிசை: கேட்காமல், வழக்கப்படி தருவது. அதே சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகள் இவற்றைப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கின்றன. யாரும் எழுதுவதில்லை. 101 ரூபாய் மொய்யை ஊர் பெயரோடு நோட்டில் ஏற்றும் நாம், 30 பவுனை ஒரு தாளில் எழுதிவைக்கக் கூச்சப்படுகிறோம்.

3. ஸ்திரீதனம்: பெண்ணுக்கு என்று வந்த நகை, பணம், பொருள், யார் தந்தாலும். இது முழுக்க அவர் சொத்து. கணவரும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் சொத்து அல்ல. கஷ்ட காலத்தில் கணவர் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மறுபடி உறுதி செய்தது.

ஆகவே நகை அடகு போகும்போது கடன் யார் பெயரில் என்பது முக்கியம். மனைவி பெயரில் கடன் சீட்டு இருந்தால் மீட்கும்போது நகை அவர் கைக்கே வரும். அட்வான்ஸ் திரும்பும் நாளில் அந்தப் பணம் யாருடையது என்ற கேள்விக்கும் அந்தச் சீட்டே பதில். 'நம்பிக்கை இல்லையா?' என்று கோபப்பட இதில் ஒன்றும் இல்லை. எழுதி வைத்தால் சண்டைக்கே வேலையில்லை.

வீட்டில் எவ்வளவு நகை வைத்திருக்கலாம் என்ற பயமும் புதுமணப் பெண்களுக்கு உண்டு. 1994-இல் வருமான வரித் துறை தன் அதிகாரிகளுக்குத் தந்த அறிவுறுத்தல்படி, சோதனையின்போது மணமான பெண்ணின் 500 கிராம் வரையிலான நகையைப் பறிமுதல் செய்யக் கூடாது. பவுன் கணக்கில் 62½. மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம். இது பறிமுதலுக்கான அளவுதான், வைத்திருப்பதற்கான உச்சவரம்பு அல்ல. கணக்கு காட்ட முடிந்தால் எவ்வளவும் வைத்திருக்கலாம்.

நாமினி என்ற கண்ணிவெடி

1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 61-ஆம் பத்தி சொல்வது: கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் (நாம் இறந்தால் பணத்தை வாங்க வேண்டியவரின் பெயர்), கல்யாணம் ஆனதும் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மா பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோன எத்தனையோ பேருக்கு இது தெரியாது. புதிதாகப் போடும்போது மனைவிக்கு இவ்வளவு சதவீதம், சார்ந்திருக்கும் அம்மாவுக்கு இவ்வளவு என்று பிரித்தும் போடலாம். அம்மாவா மனைவியா என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் பொறுப்பாளர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாத ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குச் சம பங்கு. அப்பாவுக்கு இல்லை, அவர் அடுத்த வரிசையில் வருகிறார். பெண் விஷயத்தில் விதி வேறு. அவர் சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் கணவருடைய வாரிசுகளுக்கு. பெண்ணின் சொந்த அம்மா அப்பா அதற்குப் பிறகுதான். மகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பிய பெற்றோரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இதற்கு ஒரே மாற்று உயில். முப்பது வயதில் உயிலா என்று வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

ஊர்க் கணக்கு

அரசு அலுவலகங்கள் ஆவணம் கேட்டுக்கொண்டிருக்க, ஊர் தன் கணக்கை முன்பே முடித்துவிடுகிறது.

கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு எழுதும் மொய் நோட்டு ஒரு வரவு செலவுப் புத்தகம். மதுரை, தேனிப் பக்கம் 'செய்முறை' என்பார்கள். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் இது மொய் விருந்து என்ற தனி ஏற்பாடாகவே வளர்ந்திருக்கிறது. கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே ஆடியில் கறிவிருந்து வைப்பார்கள். வட்டியில்லாக் கடன் என்று சொன்னால் தப்பில்லை.

கல்யாண மொய்யில் பெரும்பகுதி பெற்றோர் பல வருஷமாகச் செய்ததன் திருப்பம். அதனால் நோட்டும் பணமும் அவர்களிடமே போகும். தம்பதியின் நண்பர்கள் செய்தது? அதைத் திருப்பிச் செய்யப் போவது தம்பதிதான். இதைப் பிரித்து எழுதாததால், ஒரு வருஷம் கழித்து நண்பன் கல்யாணத்துக்கு எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் ஊருக்குப் போன் போட வேண்டியிருக்கும். ஜிபேயில் வந்தது நோட்டில் ஏறவே ஏறாது, போனில் கிடக்கும்.

முதல் வருஷம் பெண் வீட்டுக்கும் செலவு வருஷம். ஆடியில் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அப்புறம் தலை தீபாவளி, பொங்கல் சீர். ஆவணிக் கல்யாணத்துக்கு அடுத்த ஆடி வரப் பதினோரு மாதம் என்பது பெண்ணின் அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு விடும் இடைவெளி. சித்திரை, வைகாசியில் கட்டிக்கொடுத்தவருக்கு அதுவும் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் ஆடிச் சீர், அதிலிருந்து மூன்று மாதத்தில் மாப்பிள்ளைக்குத் தீபாவளி மோதிரம்.

கடைசியாகத் தலைக்கட்டு. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதில்லை, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் வரி. கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் சென்னையில் இருந்தாலும் சரி, அப்பாவோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் சரி. அதுவரை அப்பா பெயரில் ஒரு வரி, இனிமேல் இரண்டு. கமிட்டிக்காரர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த அன்றே நோட்டில் புதுப் பெயரை எழுதிவைத்திருப்பார். சமையலறையை அவர் பார்க்க வரமாட்டார், ஆதாரும் கேட்கமாட்டார்.

நம் தேனிப் பையனுக்கு மாசித் திருவிழா முடிந்து வாட்ஸ்அப்பில் அப்பா அனுப்பும் படம் அந்த ரசீதுதான். மஞ்சள் தாள், மேலே அம்மன் படம், கீழே கார்பன் எழுத்தில் அவன் பெயர், பக்கத்தில் 'தலைக்கட்டு 1'. மறுபடி போட்ட ரேஷன் கார்டு விண்ணப்பம் அப்போதும் பரிசீலனையில்தான் இருக்கும்.